மலை கேட்ட கூலி

ஆழியாற்று அணையைக் கடந்து, குரங்கு அருவிக்குப் போகிறவர்கள் வண்டிகளை நிறுத்தும் இடத்தையும் பின்னே விட்டு, ஆனைமலையின் விலாவைச் சுற்றிச் சுற்றி மேலேறும் வால்பாறைச் சாலையில், நாற்பது கொண்டை ஊசி வளைவுகளுள் ஒன்பதாவதை எட்டிய அந்த மாலைப் பொழுதில், என் தகப்பனார் எனக்கென்று விட்டுச்சென்ற பழைய பத்மினிக் கார் இரண்டாவது கியரில் முனகி, முதல் கியரில் ஊர்ந்து, கடைசியில் ரேடியேட்டர் மூடியின் ஓரத்தில் ஆவி சீறத் தொடங்கவே, இதற்கு மேல் அதை வருத்துவது பாவம் என்று தீர்மானித்துச் சாலையின் ஓரமாக நிறுத்தினேன். லோம்ஸ் வியூ என்று வழங்கும் அந்த வளைவின் கைப்பிடிச் சுவரில் வரையாடுகள் இரண்டு, மனிதர்களையும் வண்டிகளையும் பல காலமாகப் பார்த்துப் பழகிய நிதானத்தோடு நின்றுகொண்டிருந்தன. வெகு கீழே அணையின் நீர், ஈயம் பூசிய பித்தளைப் பாத்திரத்தின் உட்புறம்போல மங்கலாக ஒளிர்ந்தது. வேறொரு சமயமாக இருந்தால் அந்தக் காட்சியை ஒரு மணி நேரமாவது நின்று அனுபவித்திருப்பேன். அன்று என் கண் அதில் தங்கவில்லை. எஞ்சின் மூடியின் கீழே தணியாமல் கொதித்துக்கொண்டிருந்த நீரின் ஓசையிலேயே என் மனம் நின்றது.

கூட வந்திருந்தவன் என் தங்கை மகன். பொறியியல் கல்லூரியில் மூன்றாவது வருஷம் வாசிக்கிறவன். "மாமா, இதுக்கு வயசாயிடுச்சு. ஊருக்குப் போனதும் வித்துடலாம்" என்றான். அவன் அதை இரக்கத்தோடுதான் சொன்னான். ஆனாலும் வயோதிகத்தின்மேல் சுமத்தப்படும் குற்றங்களில் எத்தனை மெய், எத்தனை நம்முடைய அசிரத்தையின் விளைவு என்பதை விசாரியாமலே ஒரு ஜீவனையோ யந்திரத்தையோ கைகழுவிவிடும் வழக்கம் எனக்கு எப்போதும் உடன்பாடில்லாதது ஆகையால், பதில் ஒன்றும் சொல்லாமல் எஞ்சின் ஆறும்வரை காத்திருந்தேன்.

இந்தக் காரைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். இத்தாலி தேசத்துப் பியட் 1100 என்ற வண்டியின் வமிசத்தில் வந்தது இது. 1964 முதல் பம்பாயில் அந்த மாதிரியைச் செய்துவந்த பிரீமியர் நிறுவனத்தார், பின்னால் எழுபதுகளில் அதற்குப் பத்மினி என்று பெயர் சூட்டினார்கள். 1089 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் நாற்பத்துச் சொச்சம் குதிரைத்திறனும் உள்ள நான்கு சிலிண்டர் எஞ்சின். ஸ்டியரிங் தண்டிலேயே கியர்க் கோல். இன்றைய கார்களில் உள்ள கணிப்பொறியோ உணர்கருவியோ ஒன்றுமே கிடையாது. காற்றையும் பெட்ரோலையும் கலக்க ஒரு கார்புரேட்டர், பொறியைப் பகிர்ந்தளிக்க ஒரு டிஸ்டிரிபியூட்டர், அவ்வளவுதான். கோளாறு வந்தால் விளக்கெரிந்து எச்சரிக்காது என்பது இதன் குறை. ஆனால் எந்தக் கோளாறும் கண்ணுக்கும் காதுக்கும் கைக்கும் மூக்குக்கும் அகப்படாமல் ஒளிந்துகொள்ளவும் முடியாது.

என் தகப்பனார் நீல அட்டை போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றை இக்காரின் பெட்டியறையில் எப்போதும் வைத்திருப்பார். பெட்ரோல் போடும்போதெல்லாம் தேதி, ஓடிய தூரம், ஊற்றிய லிட்டர் ஆகிய மூன்றையும் பென்சிலால் எழுதி, நான்காவது பத்தியில் வகுத்து வந்த ஈவையும் குறிப்பார். நெடுஞ்சாலைப் பிரயாணங்களுக்கு எதிரே 13 என்ற எண்ணே திரும்பத் திரும்ப வருகிறது. சில சமயம் சற்றுக் கூடும், சில சமயம் சற்றுக் குறையும். அவர் காலத்துக்குப் பிறகு அப்பழக்கத்தை நான் விட்டுவிட்டேன். விட்டதன் பலனை, திருச்சிராப்பள்ளியில் விளிம்பு நிறையப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டு, திண்டுக்கல், பழனி, உடுமலை வழியாகப் பொள்ளாச்சி வந்து சேர்ந்து, மலையேறுமுன் மறுபடியும் விளிம்பு நிறைய ஊற்றியபோதுதான் கண்டேன். 224 கிலோமீட்டருக்கு 26 லிட்டர். வகுத்தால் லிட்டருக்கு எட்டரையும் சொச்சமும். பழைய கணக்கின்படி பதினேழே கால் லிட்டரில் முடிந்திருக்க வேண்டிய பிரயாணம் அது. ஒன்பது லிட்டருக்கு அருகாமையில் எங்கேயோ போயிருந்தது.

ஆவணிக் கடைசியாதலால் பாலக்காட்டுக் கணவாயின் காற்று இன்னும் ஓயவில்லை. உடுமலைக்கு இப்பால் காற்றாலைகள் சுழன்றுகொண்டிருந்த வெளியில், மேற்கு நோக்கிச் சென்ற எங்களை அக்காற்று எதிர்த்தே வீசியது. ஆகவே சிறிது காற்றுக்கும் கொடுத்திருப்போம் என்று எண்ணி மனத்தைத் தேற்றிக்கொண்டு மலையேறியவர்களைத்தான் ஒன்பதாவது வளைவு நிறுத்தியது. இருட்டுமுன் வண்டியைத் திருப்பி, இரண்டாவது கியரிலேயே மெல்ல இறங்கிப் பொள்ளாச்சி வந்து, விடுதி ஒன்றில் இரவைக் கழித்தோம்.

மறுநாட்காலை விடுதிக்காரர் காட்டிய வழியில், ஊரின் மேற்கே புளிய மரம் ஒன்றின் அடியில் தகரக் கொட்டகை போட்டிருந்த பட்டறைக்குச் சென்றோம். எழுபதைக் கடந்த பெரியவர் ஒருவர், உலக்கைபோல் இறுகிய முன்கைகளும் வெள்ளை வேட்டியுமாக, தென்னை மட்டைக் குவியலின் பக்கத்தில் அமர்ந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தார். வண்டியைக் கண்டதும் எழுந்து வந்தார். எஞ்சின் மூடியைத் திறக்கவில்லை. என்னைத்தான் கேட்டார்.

"ஏனுங்க, வண்டி இழுக்கலீங்களா, இல்லே பெட்ரோல் குடிக்குதுங்களா?"

"இரண்டும்தான் ஐயா" என்றேன்.

"ரெண்டும்னா நல்லதுங்க. ஒண்ணு மட்டும்னாத்தான் தேடறது செரமம்."

இந்த வார்த்தையின் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை. அன்று முழுவதும் அவர் கூடவே நின்றபின்தான் விளங்கிற்று. பலம் குன்றிய வண்டி பெட்ரோலையும் குறைவாகவே குடிக்குமானால், அதற்கு உணவே சரியாகப் போய்ச் சேரவில்லை என்று பொருள். பம்பையும் குழாயையும் அடைப்பையும் தேட வேண்டும். பலமாக ஓடும் வண்டி அதிகமாகக் குடிக்குமானால், எங்கேனும் ஒழுக்கு இருக்க வேண்டும், அல்லது ஓட்டுகிறவரின் கால் கனமாக இருக்க வேண்டும். உண்ணுவதும் மிகுந்து உழைப்பதும் குறைந்திருக்குமாயின், உண்டது உழைப்பாக மாறும் வழியில்தான் எங்கேயோ சேதம்: ஒன்று, எஞ்சின் ஈட்டிய பலத்தைச் சக்கரங்களில் ஏதோ தடுத்துத் தின்கிறது, அல்லது, பெட்ரோல் எரிய வேண்டிய அளவிலும் எரிய வேண்டிய க்ஷணத்திலும் எரியவில்லை, அல்லது, எரிந்து விரிந்த வாயு ரிங்குகளின் இடுக்கிலும் வால்வுகளின் இடுக்கிலும் நழுவுகிறது. ரோகத்தின் இரண்டு லக்ஷணங்களையும் ஒருங்கே கேட்ட மாத்திரத்தில், தேட வேண்டிய இடங்களில் பாதியை அப்பெரியவர் மனத்துக்குள்ளேயே தள்ளிவிட்டிருந்தார்.

"கண்ணு, நாலு சக்கரத்தையும் தொட்டுப் பாரு. கை சுட்டாச் சொல்லு" என்று என் மருமகனைப் பார்த்துச் சொன்னார். விடுதியிலிருந்து பட்டறைக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கும். மூன்று சக்கரங்களின் டிரம்களும் வெறும் காலை வெயிலின் இளஞ்சூட்டோடு இருந்தன. இடப்புறத்துப் பின்சக்கரத்தில் கை வைத்தவன் உடனே எடுத்துக்கொண்டான். ஜாக்கி கொடுத்து உயர்த்திக் கையால் சுழற்றியபோது, அந்தச் சக்கரம் அரைச் சுற்றுக்கூடச் சுற்றாமல் நின்றது. டிரம்மைக் கழற்றினால், பிரேக் எண்ணெய் வருஷக்கணக்கில் மாற்றப்படாமல் ஈரத்தை இழுத்து, உள்ளே சிலிண்டரின் பிஸ்டன் துருவேறி இறுகியிருந்தது. மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் பிரேக் கட்டை விலகாமல் டிரம்மைப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறது. திருச்சியிலிருந்து பொள்ளாச்சிவரை ஒரு சக்கரத்தை நாங்கள் இழுத்துக்கொண்டே வந்திருக்கிறோம். அந்த இழுவைக்குச் செலவான பெட்ரோலெல்லாம் டிரம்மின் சூடாக மாறிக் காற்றிலே கலந்துவிட்டது. சக்கரங்களின் காற்றையும் அளந்தார். நான்கிலும் இருக்க வேண்டிய அளவுக்கு எட்டு பவுண்டு குறைவு.

அதுவரை எஞ்சினின் பக்கமே போகாத பெரியவரிடம், நகரத்துப் பட்டறை ஒன்றில் நான்கு மாதங்களுக்கு முன்னால் கார்புரேட்டரைச் சரிசெய்தார்கள் என்பதையும், அதன் பின் வண்டி முன்னிலும் மோசமாயிற்று என்பதையும் சொன்னேன். அவர் முகம் சற்றே மாறியது. "கார்புரேட்டரைக் கடைசியாத்தானுங்க தொடோணும். அது வாயில்லாப் பூச்சி, எல்லாப் பழியையும் அது தலையிலதான் போடுவாங்க" என்றார்.

அதன்பின் பிளக்குகள் நான்கையும் கழற்றித் துணியின்மேல் வரிசையாக வைத்தார். எஞ்சினின் அந்தரங்கத்தை அறிவதற்குப் பிளக்கின் நுனியைப்போல் உண்மை பேசும் சாட்சி வேறொன்றில்லை. காற்றும் பெட்ரோலும் அளவோடு கலந்து எரிந்தால் அதன் வெண்பீங்கான் நுனி இளஞ்செங்கல் நிறத்துக்கு வரும். பெட்ரோல் குறைந்து எரிந்தால் வெளுத்துக் காணும். மிகுந்து எரிந்தால் விளக்குக் கரிபோல் உலர்ந்த கருமை படியும். எங்கள் பிளக்குகள் நான்குமே மை தடவியதுபோல் இருந்தன. ஒன்று மட்டும் கறுத்திருந்தால் அந்தச் சிலிண்டரோடு போகும். நான்கும் ஒரே மாதிரிக் கறுத்திருந்தபடியால் காரணமும் நான்குக்கும் பொதுவான இடத்திலேயே இருக்க வேண்டும்.

பிளக்குகள் வெளியே இருந்த சமயத்தைப் பயன்படுத்தி, கம்பிரெஷன் மானியை ஒவ்வொரு துவாரத்திலும் பொருத்தி, என்னை ஸ்டார்ட்டரைச் சுழற்றச் சொன்னார். இந்தப் பரீட்சையைத்தான் நான் உள்ளூர அஞ்சிக்கொண்டிருந்தேன். ரிங்குகளும் சிலிண்டர்ச் சுவரும் தேய்ந்திருந்தால், அதுதான் மெய்யான மூப்பு. எஞ்சினையே பிரித்துப் போர் அடிப்பதன்றி அதற்கு மருந்தில்லை. அளவு குறைந்து காட்டும் சிலிண்டரில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடியும் சோதிப்பார்கள். எண்ணெயினால் முள் மேலேறினால் கசிவு ரிங்கில், ஏறாவிட்டால் வால்வில் என்று பொருள். எங்களுக்கு அந்த எண்ணெய்க்கு வேலை நேரவில்லை. 118, 120, 115, 120 என்று நான்கும் ஏறத்தாழச் சமமாகவே நின்றன. "வயசாச்சுன்னு சொல்றதுக்கு முன்னால வயசையே கேட்டுப் பாக்கோணுமுங்க. அது நல்லாத்தான் இருக்குது" என்று மானியைத் துடைத்துக்கொண்டே சொன்னார் பெரியவர். என் மருமகன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கோ, என் தகப்பனாரைப் பற்றி யாரோ கூறிய அவதூறு பலர் முன்னிலையில் பொய்யென்று ருசுவானதுபோல் இருந்தது.

பிறகு டிஸ்டிரிபியூட்டரின் மூடியைத் திறந்தார். இங்கேதான் ரோகத்தின் வேர் இருந்ததாகையால், இதனைச் சற்று விரித்தே எழுத வேண்டும்.

சிலிண்டருக்குள் பொறி விழுந்தவுடனே பெட்ரோல் முழுதும் எரிந்துவிடுவதில்லை. தீ ஓரிடத்தில் பற்றி மறுபுறத்துக்குப் பரவ, நம் கணக்கில் இமைப்பொழுதைவிடக் குறைவானாலும், எஞ்சினின் கணக்கில் நீண்டதான ஓர் இடைவெளி வேண்டும். நிமிஷத்துக்கு 3000 சுற்றுச் சுற்றும் எஞ்சினில், ஒரு வினாடியை ஆயிரம் கூறாக்கி அதில் ஒரு கூறு கழிவதற்குள் கிராங்குத் தண்டு 18 பாகை திரும்பிவிடுகிறது. ஆதலால் பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே பொறி விழுந்தால்தான், அது உச்சியைத் தாண்டிக் கீழிறங்கத் தொடங்கும் தருணத்தில் வாயுவின் முழு அழுத்தமும் அதன் தலையில் இறங்கும். வேகம் கூடக் கூட, பொறியும் முன்கூட்டி முன்கூட்டி விழ வேண்டும். இதற்கென்றே டிஸ்டிரிபியூட்டரின் அடித்தட்டில் சிறிய எடைக் கட்டைகள் இரண்டை வில்கம்பிகளோடு பூட்டி வைத்திருக்கிறார்கள். சுழற்சி மிகும்போது அவை ராட்டினத்து இருக்கைகளைப்போல் வெளியே விரிந்து, பொறி விழும் நேரத்தை முன்தள்ளுகின்றன. எவ்விதக் கணக்குக் கருவியும் இல்லாத காலத்தில் சுழற்சியையே கணக்கனாக்கிய இந்த யுக்தியை நினைக்கும்தோறும் எனக்கு வியப்பு மேலிடுகிறது.

பெரியவர் ரோட்டரை இரண்டு விரல்களால் பிடித்து ஒருபக்கம் திருகிப் பார்த்தார். நல்ல நிலையில் இருந்தால் அது சிறிது தூரம் திரும்பி, விட்டவுடன் வில்லின் இழுப்பால் தன் ஸ்தானத்துக்குத் துள்ளி வர வேண்டும். எங்கள் ரோட்டர் அசையவே இல்லை. தட்டைப் பிரித்தபோது எடைக் கட்டைகள் இரண்டும் உலர்ந்த மசகிலும் துருவிலும் புதைந்து கிடந்தன. போதாததற்கு, மின்சாரத்தைத் துண்டித்துப் பொறியைப் பிறப்பிக்கும் பாயிண்டை உந்தும் நார்க்கட்டை தேய்ந்து, பாயிண்டின் இடைவெளி ஏறத்தாழ மூடிக்கொண்டிருந்தது. அந்த இடைவெளி சுருங்கச் சுருங்கப் பொறி விழும் நேரமும் பின்னுக்குப் போகும். ஆக, எங்கள் எஞ்சினில் பொறி எப்போதுமே காலந்தாழ்ந்து விழுந்திருக்கிறது. பிஸ்டன் பாதி வழி இறங்கிய பின் எரிகிற பெட்ரோல் அதை எப்படித் தள்ளும்? தள்ள முடியாத சூடெல்லாம் புகைக்குழாயிலும் ரேடியேட்டரிலும் போய் இறங்குகிறது. ஒன்பதாவது வளைவில் கொதித்த நீருக்கு விளக்கம் இதுதான்.

இப்பொழுது என் வண்டியின் சரித்திரம் எனக்குக் கோவையாகத் தெரிந்தது. முதலில் துருப்பிடித்தவை எடைக் கட்டைகள்; அதனால் பலம் குறைந்தது. பிக்கப் இல்லை என்று நான் நகரத்துப் பட்டறையில் முறையிட்டேன். அங்கே பொறியைச் சோதியாமல், கார்புரேட்டரின் மெயின் ஜெட்டை ஊசியால் குடைந்து துவாரத்தைப் பெரிதாக்கி, பெட்ரோலை அதிகமாக ஓடவிட்டிருக்கிறார்கள். சில நாள் சற்றுப் பலம் வந்ததுபோல் தோன்றியது எனக்கு நினைவிருக்கிறது. பிறகு மிகுந்த பெட்ரோல் கரியாகிப் பிளக்கில் படிந்து, பொறி மேலும் நலிந்து, பழைய பலவீனத்தோடு புதிய செலவும் சேர்ந்துகொண்டது. ஒரு கிலோ பெட்ரோல் முற்றும் எரிவதற்கு ஏறத்தாழப் பதினைந்து கிலோ காற்று வேண்டும். காற்றைக் கூட்டாமல் பெட்ரோலை மட்டும் கூட்டுவது, அடுப்பு எரியவில்லையென்று ஊதாமல் விறகை மேலும் மேலும் திணிப்பதற்குச் சமானம்.

இதைப் பெரியவர் ஊகமாகச் சொல்லவில்லை. கார்புரேட்டரைக் கடைசியாகத் திறந்து, அந்த ஜெட்டையும் தம் தகரப் பெட்டியிலிருந்து எடுத்த புதிய ஜெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, ஆகாயத்தை நோக்கி உயர்த்தி என்னைப் பார்க்கச் சொன்னார். இரண்டின் மேலும் பொறித்திருந்த எண் ஒன்றே. துவாரங்களின் வழியே தெரிந்த வெளிச்சப் புள்ளிகளோ ஒன்றல்ல. இதைவிடப் பிரத்தியட்சமான சாட்சியம் எந்த நியாயஸ்தலத்திலும் கிடைத்திராது.

மற்றவற்றை விரைவில் முடித்தார். புழுதி அடைத்த ஏர் ஃபில்டரை மாற்றினார், டேப்பட்டுகளின் இடைவெளியைச் சரிசெய்தார், சைலன்சரின் வாயில் கையை வைத்துப் புகை தாராளமாக வருவதை உறுதிப்படுத்திக்கொண்டார். பெட்ரோல் பம்பின் உள்தோலும் ரப்பர்க் குழாய்களும் எத்தனாலைத் தாங்காத பழைய சரக்கு என்று அவற்றையும் புதுப்பித்தார். புதிய பாயிண்ட் பூட்டி, சோதனை விளக்கின் உதவியால் டைமிங் வைத்தபோது மணி மாலை நான்கு.

"உடுமலை போயிட்டு வாங்க. போன வழியே திரும்பி வாங்க" என்றார். ஏன் திரும்பியும் அதே வழி என்று கேட்டான் மருமகன். போகும்போது காற்று முதுகைத் தள்ளும், வரும்போது நெஞ்சைத் தள்ளும், இரண்டையும் சேர்த்தால்தான் வண்டியின் கணக்குத் தெரியும் என்றார். ஒரே பெட்ரோல் பங்கில், வண்டியை ஒரே இடத்தில் நிறுத்தி, முன்னும் பின்னும் விளிம்பு நிறைய ஊற்றினோம். 58 கிலோமீட்டருக்கு நாலே முக்கால் லிட்டர் பிடித்தது. லிட்டருக்கு 12.2. இவ்வளவு சிறிய ஓட்டத்தில் ஒரு குவளை பெட்ரோல் கூடினாலும் குறைந்தாலும் எண் மாறிவிடும் என்று அவரே எச்சரித்தார். ஆனாலும் எட்டரைக்கும் பன்னிரண்டுக்கும் உள்ள தூரம் குவளைக் கணக்கில் மறையக்கூடியதன்று.

என் தகப்பனாரின் பதின்மூன்றுக்கு இன்னும் எண்பது பைசாப் பங்கு குறைகிறதே என்று அன்றிரவு யோசித்தேன். இதற்கு விடை என் மருமகனிடமிருந்து வந்தது. இன்று பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு வரை எத்தனால். கரும்பிலிருந்தும் தானியங்களிலிருந்தும் வடிக்கப்படும் அந்தத் திரவத்தில், அளவுக்கு அளவு, பெட்ரோலில் உள்ளதைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. இருபதில் மூன்றில் ஒன்று ஏறத்தாழ ஏழு. நூற்றுக்கு ஏழு குறைத்தால் பதின்மூன்று பன்னிரண்டாகிறது. அந்தக் குறை வண்டியின்மேல் சாராது. அதே சமயம், எட்டரைக்கு இறங்கியதற்கு எத்தனாலைக் காரணம் சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் நமக்கு வழியில்லை. முப்பத்துநான்கு பங்கு நஷ்டத்தில் ஏழு பங்குதான் அதனுடையது. மிச்சம் துருவும் புழுதியும் ஊசியும் செய்தது, அதாவது மனிதர் செய்ததும் செய்யாமல் விட்டதும்.

மூன்றாம் நாள் காலை மறுபடியும் மலையேறினோம். அடிவாரத்துத் தென்னந்தோப்புகள் முடிந்து, முதல் வளைவிலேயே வித்தியாசம் தெரிந்தது. மிதியை அழுத்தினால் வண்டி ஒரு கணம் யோசித்துவிட்டுப் புறப்படும் அந்தப் பழைய தயக்கம் இல்லை, கேட்டவுடன் கொடுத்தது. ஒன்பதாவது வளைவை இரண்டாவது கியரில், ரேடியேட்டர் முள் நடுவில் நிற்க, நிறுத்தாமலே கடந்தோம். வளைவுகளுக்கு நடுவே சாலை நீண்ட இடங்களில் மூன்றாவது கியருக்கும் மாற்ற முடிந்தது. இது ஒன்றும் புதிய கார்களைப்போல் பறந்து சென்றதாக யாரும் எண்ண வேண்டாம். எங்களை முந்திச் செல்ல விரும்பிய ஒவ்வொரு வண்டிக்கும் ஒதுங்கி வழிவிட்டுத்தான் சென்றோம். நாற்பது குதிரைகளின் உழைப்பு நாற்பது குதிரைகளின் உழைப்புத்தான். ஆனால் நாற்பதும் இப்போது நுகத்தில் இருந்தன.

அட்டகட்டி தாண்டியதும் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கின. கணக்கில் ஆசையுள்ள மருமகன் வழியெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டே வந்து, "மாமா, வண்டியும் நாமளும் சாமானும் சேர்ந்து 1,100 கிலோன்னு வெச்சுக்கிட்டா, இந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் ஏறக்குறைய ஒரு லிட்டர் ஆகும்" என்றான். பெட்ரோலின் சக்தியில் கால் பங்கே எஞ்சினில் உழைப்பாக மாறுகிறது என்று கொண்டு அவன் போட்ட கணக்கு அது. மலை தனக்கென்று நியாயமாகக் கேட்கும் கூலி ஒரே ஒரு லிட்டர்! அந்த ஒரு லிட்டரைக் கொடுக்கத் திராணியில்லாமலா முந்தாநாள் மாலை பாதி வழியில் நின்றோம் என்று எண்ணியபோது, நின்றது வண்டியின் திராணியின்மையால் அன்று என்பது எனக்கு இன்னொரு முறை உறுதியாயிற்று.

மலைக்கு இன்னொரு உரிமையும் உண்டு. வால்பாறை கடல் மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. அவ்வுயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்திலிருப்பதைவிட ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து குறைவு. எஞ்சின் ஒவ்வொரு மூச்சிலும் இழுக்கும் காற்றும் அவ்வளவு குறைகிறது. பலமும் ஏறத்தாழ அதே விகிதத்தில் குறைகிறது. கணிப்பொறியுள்ள வண்டி இதையறிந்து பெட்ரோலையும் குறைத்துக்கொள்ளும். கார்புரேட்டரின் துவாரமோ உயரத்தை அறியாது. ஆகவே வால்பாறைக் கடைவீதியில் நின்றிருந்தபோது எங்கள் எஞ்சின் சற்றே குழறி ஓடியது. மருமகன் ஸ்குரூ டிரைவரை எடுத்துவிட்டான். நான் தடுத்தேன். புறப்படும்போதே பெரியவர் சொல்லியிருந்தார்: "மேல போனா கொஞ்சம் முணுமுணுக்குமுங்க. அது மலையோட வேலை. நீங்க ஒண்ணையும் திருகாதீங்க, இறங்குனாச் சரியாயிரும்."

வால்பாறையில் இரண்டு நாள் தங்கினோம். புதுத்தோட்டத்து மரங்களில் சிங்கவால் குரங்குகளைக் கண்டதும், விடியற்காலையில் தேயிலைச் சரிவுகளின் மேல் பனி மெல்லக் கலைந்ததும் தனியாக எழுத வேண்டிய விஷயங்கள். இறங்கும்போது வளைவு வளைவாக எஞ்சினையே தடையாகக் கொண்டு, இரண்டாவது கியரில், பிரேக்கை விட்டு விட்டுத் தொட்டு வந்தோம். இருபதாவது வளைவுக்குக் கீழே வந்ததும் எஞ்சினின் குழறல் யாரும் திருத்தாமலே நின்றது. ஆழியாற்றுச் சோதனைச் சாவடியைத் தாண்டி, இளநீர் விற்கிறவர் ஒருவரின் வண்டியருகே நிறுத்தினேன். நான் கதவைத் திறந்து இறங்குவதற்குள் என் மருமகன் முன்னே இறங்கி, ஒவ்வொரு சக்கரமாகக் குனிந்து டிரம்மில் புறங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தான்.

"நாலும் ஒரே சூடு மாமா" என்றான். இரண்டு இளநீர் வெட்டச் சொன்னேன்.